எம்-புக்கில் ஏறாத புதுமை

2022இல் வேலூர் இரண்டு முறை நாடு முழுக்கச் சிரிப்புக்கு ஆளானது. ஜூன் மாதம் ஒரு தெருவில் நின்றிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தக்கூட இல்லாமல், சக்கரம் புதையும்படி சிமெண்ட் சாலை போட்டுவிட்டுப் போனார்கள். ஆகஸ்டில் சத்துவாச்சாரியில் கால்வாய் கட்டியவர்கள், வழியில் நின்ற அடிபம்பை அப்படியே சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். படங்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன, ஒப்பந்தக்காரர் மேல் நடவடிக்கை வந்தது, அப்புறம் எல்லாரும் மறந்துபோனோம்.

ஒப்பந்தக்காரரைத் திட்டுவது சுலபம். அவருக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும். உள்ளாட்சி வேலை எதுவானாலும் பில் போட ஆதாரம் அளவுப் புத்தகம். இன்ஜினியர்கள் பேச்சில் எம்-புக். இத்தனை கனமீட்டர் மண் தோண்டியது, இத்தனை கனமீட்டர் கான்கிரீட் போட்டது, இத்தனை கிலோ கம்பி கட்டியது என்று ஜே.இ., அதாவது இளநிலைப் பொறியாளர், அளந்து எழுதுவார், மேலே இருப்பவர் சரிபார்ப்பார், பில் பாஸாகும். மழை பெய்தபோது அந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடியதா, அடிபம்பு இன்னும் அடிக்கிறதா என்று கேட்கும் பத்தி அந்தப் புத்தகத்தில் கிடையாது. கான்கிரீட் கேட்டோம், கான்கிரீட் வந்தது.

குடிநீர், கழிவுநீர், குப்பை ஆகிய மூன்றிலும் புதிய முறைகள் ஏன் நம் ஊருக்கு வந்து சேர்வதில்லை என்பதற்கு வழக்கமாக இரண்டு காரணம் சொல்வார்கள்: பணம் இல்லை, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை. வேலூரைப் பொறுத்தவரை இரண்டுமே முழுப் பதில் ஆகாது. 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வேலூர் இடம்பெற்றது, பணம் வந்தது. அறிவுக்கும் பஞ்சம் இல்லை. சிஎம்சி மருத்துவமனையின் ஆய்வாளர்கள் இந்த ஊர்க் குழந்தைகளின் வயிற்றுப்போக்கையும் குடிநீரையும் சாக்கடையையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து உலக இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் கழிப்பறை இருந்தாலும் அதன் குழாய் நேராகத் திறந்த சாக்கடையில் விழுந்தால், நோய்க்கிருமி வேறு வழியாக வீட்டுக்குள் திரும்பி வந்துவிடும் என்பது அந்த ஆய்வுகளைப் படித்தால் விளங்கும். ஆய்வு நடந்த தெருவுக்கும் மாநகராட்சி அலுவலகத்துக்கும் ஆட்டோவில் போகிற தூரம்தான். ஆனாலும் அந்த அறிவு ஒரு டெண்டரின் வரியாக மாறுவது அபூர்வம். அது எங்கே சிக்குகிறது என்று பார்க்க, ஒரு ஃபைலின் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

ஒரு வார்டின் சாக்கடை ஏரியில் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலக்கும் இடத்தில் சிறிய சுத்திகரிப்பு அமைப்பு ஒன்றைக் கட்டலாம் என்று உதவிப் பொறியாளருக்கு யோசனை வருகிறது. சரளைக்கல்லும் நாணலும் கொண்டு, மோட்டார் அதிகம் இல்லாமல் ஓடும் வகை. நல்ல யோசனை. முதல் வேலை எஸ்டிமேட். எஸ்டிமேட்டை மனம்போல் எழுத முடியாது. பொதுப்பணித் துறையும் குடிநீர் வடிகால் வாரியமும் வெளியிடும் விலை விகிதப் பட்டியல் இருக்கிறது. செங்கல் கட்டு வேலைக்கு அதில் விலை உண்டு, இரும்புக் குழாய்க்கு உண்டு, குழி தோண்டக்கூட மண்ணின் வகைக்கு ஏற்ப விலை உண்டு. நாணல் நட்டு மூன்று மாதம் வளர்த்துக் கொடுப்பதற்கு விலை இருக்காது. கழிவுநீரின் நாற்றத்தைக் குறைத்துக் கொடுப்பதற்கும் இருக்காது.

பட்டியலில் இல்லாததை வாங்கவே கூடாது என்றில்லை. சந்தை விலை கேட்டு, மூன்று கொட்டேஷன் வாங்கி, விலைப் பகுப்பாய்வு எழுதி, மேலதிகாரியிடம் ஒப்புதல் பெறலாம். இங்கேதான் ஒரு கோணல். உண்மையிலேயே புதிய பொருள் என்றால் அதைச் செய்பவர் ஒருவர் அல்லது இருவர்தான் இருப்பார்கள். மூன்றாவது கொட்டேஷனுக்கு எங்கே போவது? மூன்று கொட்டேஷன் சுலபமாகக் கிடைக்கிற பொருள் என்றால், அது அவ்வளவு புதியது இல்லை என்றுதான் அர்த்தம். ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லியோ, அவர்களால் மட்டுமே செய்யக்கூடிய அளவுகளைப் போட்டோ டெண்டர் விட்டால், அடுத்த நாளே புகார் வரும். பல நேரங்களில் அந்தப் புகார் நியாயமாகவும் இருக்கும். இந்தத் தடைகளை யாரும் வேண்டாத வேலையாகப் போட்டு வைக்கவில்லை. ஊழலைப் பார்த்துச் சலித்த ஊர் போட்டுக்கொண்ட பூட்டு இது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் 1998இல் வந்ததும் அதன் விதிகள் 2000இல் வந்ததும் அதற்காகத்தான். பூட்டு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எஸ்டிமேட் எப்படியோ தாண்டிவிட்டது, நிர்வாக ஒப்புதலும் கிடைத்துவிட்டது என்றால் அடுத்தது டெண்டர் நிபந்தனை. 'இதே போன்ற பணியைக் கடந்த ஐந்து ஆண்டுகளில் அரசுத் துறைக்குச் செய்து முடித்த அனுபவம் வேண்டும். இத்தனை கோடி ஆண்டு வருமானம் வேண்டும்' என்ற வகையான வரிகள் பழைய டெண்டரிலிருந்து அப்படியே நகலெடுக்கப்பட்டு வந்து உட்காரும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். அரசுக்கு விற்ற அனுபவம் இல்லாதவர் அரசுக்கு விற்க முடியாது. விற்காமல் அனுபவம் வராது. புதிய கருவியைக் கண்டுபிடித்த சிறு கம்பெனி கடைசியில் ஒரு பெரிய கட்டுமான ஒப்பந்தக்காரரின் கீழ் உள்குத்தகைக்குப் போகும். அவருக்கோ கான்கிரீட்டில்தான் லாபம். கருவி ஒரு தலைவலி.

அப்புறம் எல்-1. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. எந்த விலை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 எச்.பி., அதாவது சுமார் 15 கிலோவாட். பாலாற்றுப் படுகைக் கிணற்றிலிருந்தோ, காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்து விழும் தரைத்தொட்டியிலிருந்தோ ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு நாளுக்கு 16 மணி நேரம் ஏற்றுகிறது. ஒரு நாளுக்கு 240 யூனிட், ஆண்டுக்கு 87,600 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு சுமார் 7 லட்சம் ரூபாய் மின்கட்டணம். இப்போது ஒரு பம்ப் இரண்டரை லட்சம், 10 சதவீதம் மின்சாரம் குறைவாக எடுக்கும் இன்னொரு பம்ப் மூன்றேகால் லட்சம் என்று டெண்டர் வருகிறது. பார்வைக்கு முதலாவதுதான் மலிவு. இரண்டாவது ஆண்டுக்கு 70,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும். ஓராண்டு சொச்சத்தில் கூடுதல் விலை திரும்பிவிடும், அதற்கு மேல் பம்ப் ஓடும் ஒவ்வோர் ஆண்டும் லாபம். இவை நானாகப் போட்ட எண்கள். எந்த ஊர் எண்களைப் போட்டாலும் கணக்கின் போக்கு இப்படித்தான் இருக்கும். ஆனால் எல்-1 ஒப்பீட்டுத் தாளில் மின்கட்டணப் பத்தி இல்லையென்றால் முதல் பம்ப்தான் ஜெயிக்கும். அந்தத் தாளைத் தயார் செய்த அதிகாரி சட்டப்படி நூற்றுக்கு நூறு சரியாகத்தான் செய்திருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1998ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளவு இறுக்கமானது இல்லை. டெண்டர் ஆவணத்திலேயே முன்கூட்டிச் சொல்லப்பட்ட, அளந்து காட்டக்கூடிய காரணிகளுக்கு எடை கொடுத்து, அந்த அடிப்படையில் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் அதன் சாரம். மின்சாரச் செலவு அளந்து காட்டக்கூடியதுதான். சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பழைய டெண்டரின் நகல்தான் அதை மூடி வைக்கிறது.

நகலை மாற்ற ஏன் யாரும் துணிவதில்லை? பொறியாளர் இடத்தில் நின்று பார்த்தால் புரியும். வழக்கமான பொருளை வாங்கி அது இரண்டு வருடத்தில் கெட்டால், விதிப்படி வாங்கியது, யாரும் கேட்க மாட்டார்கள். புதியதை வாங்கி அது நன்றாக ஓடினால் ஒரு கைதட்டல். பெரும்பாலும் அதுவும் இல்லை. புதியதை வாங்கி அது படுத்துவிட்டால் தணிக்கை அறிக்கையில் ஆட்சேபணைப் பாரா எழுதுவார்கள், விளக்கம் கேட்பார்கள். ஓய்வு பெறும் நாளில் அந்தப் பாரா தீராமல் கிடந்தால் ஓய்வூதியப் பலன்கள் தொங்கும். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பதில் எழுதியே பாதி நாள் போகிறது என்று அலுத்துக்கொள்ளாத நகராட்சிப் பொறியாளர் குறைவு. இந்த நிலையில் எந்தக் குடும்பஸ்தன் சோதனை செய்து பார்ப்பார்? துணிச்சல் இல்லை என்று அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, இந்த மாவட்டத்திலிருந்தே இரண்டு புதுமைகள் வெளியூர் வரை பேசப்பட்டன. இரண்டும் எப்படித் தப்பிப் பிழைத்தன என்று பார்ப்பது பயனுள்ளது.

ஒன்று குப்பை. வேலூர் சீனிவாசன் என்று வடநாட்டில்கூட அறியப்பட்டவரின் திட, திரவ வள மேலாண்மை முறை. குப்பை அழுகுவதற்கு முன், ஒரு நாளில் காலையும் மாலையும் வீடு வீடாகப் போய் வாங்க வேண்டும். மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் வாங்கும்போதே தனித்தனி. கூடத்துக்கு வந்தபின் காகிதம், பிளாஸ்டிக், தோல், துணி, கண்ணாடி என்று பல வகையாகப் பிரிக்க வேண்டும். காய்கறிக் கழிவில் நல்லது மாட்டுக்கும் கோழிக்கும் வாத்துக்கும். மீதி சாணக் கரைசல் தெளித்து உரமாகும். இதில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. மூங்கில் கொட்டகை, மூன்று சக்கர வண்டி, பெண்களின் கை. சத்தீஸ்கர் மாநிலத்தின் அம்பிகாபூர் 2015 வாக்கில் இதே முறையை மகளிர் சுய உதவிக் குழுக்களை வைத்து நகரம் முழுக்கச் செய்தது. சிறு நகரங்களுக்கான தூய்மைப் போட்டியில் முன்வரிசைக்கு வந்தது. வேலூரிலும் சதுப்பேரியில் குப்பை கொட்டுவது பெரிய பிரச்சினையாகி, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பிறகு, மாநகராட்சி வார்டுகளில் சிறிய உரக்கூடங்களை அமைத்தது.

இரண்டாவது நாகநதி. அமிர்தி வழியாக ஓடிவரும் இந்த ஆறு வறண்டு கிடந்தது. கணியம்பாடி வட்டாரத்திலும் பக்கத்து ஊர்களிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் நூறு நாள் வேலையில் ஓடைகளின் குறுக்கே கல் தடுப்புகள் போட்டார்கள், சிமெண்ட் உறை இறக்கி நீர் செறிவூட்டும் கிணறுகள் தோண்டினார்கள். மண்ணடுக்கைப் படித்து எங்கே தோண்டுவது என்று சொல்ல ஒரு தன்னார்வ அமைப்பின் வல்லுநர்கள் கூட இருந்தார்கள். 2021இல் பிரதமரின் வானொலி உரையிலும் இது இடம்பெற்றது.

இரண்டுக்கும் பொதுவானது என்ன? இரண்டிலுமே மையச் செலவு கூலி. அம்பிகாபூர் வாங்கியது இயந்திரம் இல்லை. பெண்களின் உழைப்பையும் அதை ஒழுங்குபடுத்தும் முறையையும். நாகநதி வேலை நடந்தபோது நூறு நாள் வேலையில் ஒப்பந்தக்காரருக்கே இடமில்லை. செலவில் குறைந்தது 60 சதவீதம் கூலியாகப் போக வேண்டும் என்பது அப்போதைய விதி. எல்-1 இல்லை, அனுபவச் சான்று இல்லை, மூன்று கொட்டேஷன் இல்லை. டெண்டர் வழியாகப் போகாததால்தான் இவை பிழைத்தன என்பது என் முடிவு. இதை ஒரு பாராட்டாக நான் சொல்லவில்லை. கூலியாக மாற்ற முடியாத புதுமைகளும் இருக்கின்றன. குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி, பாதாளச் சாக்கடை மூடிக்குள் இறங்கும் இயந்திரம், நீரின் தரத்தை நேரடியாகக் காட்டும் சென்சார் ஆகியவற்றுக்குக் கூலிக் கணக்கில் இடமில்லை. தவிர, குப்பை வேலையையே வெளியாருக்கு எடை கணக்கில் டெண்டர் விடும் ஊர்களில் இந்த முறையின் உயிரே போய்விடுகிறது. டன்னுக்கு இவ்வளவு என்று காசு வாங்குபவருக்குக் குப்பை குறைந்தால் நஷ்டம். அவர் ஏன் பிரிக்கச் சொல்லிக் கெஞ்சப் போகிறார்?

எதிர்ப்பக்கத்தில் தோல் தொழிற்சாலைகள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு: பழைய வட ஆர்க்காட்டில் பாலாறு பட்ட பாட்டுக்கு இந்தப் பெயர்களே போதும். 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு இல்லாவிட்டால் தொழிற்சாலையை மூட வேண்டும் என்ற நிலை வந்தபோது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முளைத்தன. பிறகு கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற கட்டாயத்தில் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வுகளும் ஆவியாக்கும் கலன்களும் வந்தன. அந்தக் காலத்தில் எந்த நகராட்சியும் கனவில்கூட வாங்கியிருக்காத தொழில்நுட்பம்! பணம் போட்டவரே பொருளைத் தேர்ந்தெடுத்தார். தோற்றால் நஷ்டமும் அவருக்கே. வாங்காவிட்டால் ஆலைக்குப் பூட்டு. சரி, அதனால் பாலாறு சுத்தமாகிவிட்டதா? இல்லை. பிரித்தெடுத்த உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குவது தனிப் பிரச்சினை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பகுதி பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுதி, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போடச் சொல்ல வேண்டியிருந்தது. கருவி வாங்க வைப்பதற்குக் கட்டாயம் போதும். அதை இருபது வருடம் ஒழுங்காக ஓட வைப்பதற்குப் போதவில்லை.

ஓட வைப்பது என்றதும் நன்கொடைக் கருவிகள் ஞாபகத்துக்கு வருகின்றன. டெண்டர் வேலியைத் தாண்ட இன்று பரவலான வழி, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. கேரளத்தில் 2018இல் அறிமுகமான சாக்கடை சுத்தம் செய்யும் ரோபோ பேண்டிகூட், கோயம்புத்தூருக்கு இந்தியன் ஆயில் நிதியில் வந்தது. மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. அப்படிப்பட்ட அவசரத்தில் இனாமாக வந்தாலும் நல்லதுதான். ஆனால் இனாமாக வந்த கருவிக்குப் பராமரிப்புச் செலவைக் குடிநீர் வடிகால் நிதியிலிருந்து எடுக்க வேண்டும். அந்த நிதிக்கு வருமானம் தண்ணீர் வரியும் சாக்கடைக் கட்டணமும். ஊர் ஊராக மூடிக் கிடக்கும் ஆர்.ஓ. குடிநீர் மையங்களைப் பாருங்கள். திறப்பு விழாக் கல்வெட்டு பளபளப்பாக இருக்கும். உள்ளே சவ்வு மாற்றப் பணம் இல்லாமல் இயந்திரம் துருப்பிடித்திருக்கும்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை, நம் மாநிலத்திலேயே இருந்திருக்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் ஆலந்தூர் நகராட்சி 1990களின் கடைசியில் பாதாளச் சாக்கடைத் திட்டம் போட்டபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களிடமே முன்பணம் வாங்கியது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்த வேண்டும். சுத்திகரித்த கழிவுநீரின் அளவுக்கு நகராட்சி காசு கொடுக்கும். கான்கிரீட்டை அளக்காமல் தண்ணீரை அளந்தார்கள். கங்கைக் கரையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு 2017 முதல் போட்ட சில ஒப்பந்தங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின: கட்டும்போது 40 சதவீதம், மீதி 60 சதவீதம் 15 ஆண்டுகளில் தவணையாக, அதுவும் வெளியே வரும் நீரின் தரம் சரியாக இருந்தால்தான். இப்படி எழுதிவிட்டால் எந்தத் தொழில்நுட்பம் என்று பொறியாளர் முடிவு செய்ய வேண்டிய தொல்லையே குறைந்துவிடும். நாணலோ சவ்வோ, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் போடும் முறையை மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் கட்டுமானப் பணிகளுக்கும் அனுமதித்தது; தரத்துக்கு அதிகபட்சம் 30 சதவீதம் எடை. தமிழ்நாட்டில் புத்தொழில் நிறுவனங்களிடம் டெண்டர் இல்லாமல் ஒரு வரம்புக்குள் நேரடியாக வாங்கவும் வழி செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் தன் கொள்முதல் விதிகளில், இன்னும் சந்தைக்கே வராத பொருளை வாங்குபவரும் செய்பவரும் சேர்ந்து உருவாக்குவதற்கென்று தனி நடைமுறையே வைத்தது. நமக்கு அவ்வளவு பெரிய மாற்றம் உடனே வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. விலை விகிதப் பட்டியலில் ஆண்டுக்குப் பத்து புதிய இனங்களைச் சேர்த்தாலே ஒரு உதவிப் பொறியாளரின் கை பாதி அவிழும். சாக்கடை மேல் போடும் மூடுபலகையைத் தூக்கிச் சுத்தம் செய்ய வசதியாக வடிவமைப்பது, தொட்டிக்குக் கீழே நீரின் அளவைக் காட்டும் மீட்டர், செப்டிக் டேங்க் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்க ஒரு வாய். ரோபோ அளவுக்குப் பத்திரிகையில் படம் வராது. வேலை நடக்கும்.

வேலூரில் அடுத்த குடிநீர் அல்லது கழிவுநீர் டெண்டர் வரும்போது, தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் ஆவணத்தை யாரும் இறக்கிப் படிக்கலாம். தகுதி என்ற பகுதியில் கேட்கும் அனுபவம், கட்டிய அனுபவமா ஓட்டிய அனுபவமா? பராமரிப்பு எத்தனை ஆண்டு, அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து? மின்கட்டணம் ஒப்பீட்டில் சேருமா? கடைசித் தவணை எதை அளந்த பிறகு கொடுக்கப்படும், அளப்பவர் யார்? டெண்டர் வெளியான பிறகு கேட்டால் பெரும்பாலும் பயன் இல்லை. விதிப்படி 2 கோடி ரூபாய் வரை உள்ள வேலைக்குக் குறைந்தபட்ச அவகாசம் 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள். அதற்குள் திருத்தம் போட யாருக்கும் மனம் வராது. எஸ்டிமேட் ஒப்புதலுக்கு மாமன்றக் கூட்டத்தில் வைக்கப்படும் வாரத்திலேயே, கூட்டப் பொருள் பட்டியலை வாங்கிப் பார்த்து உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்டுவிட வேண்டும்.